குளக்கட்டில் ஒரு மணித்தியாலம்

வன்னியில் குளம் இல்லாத ஊரைக் காண்பது அரிது. மாங்குளம், புளியங்குளம், கனகராயன்குளம், வவுனிக்குளம் என்று ஊரின் பெயரே குளத்தில்தான் முடிகிறது. குளத்தோடு எமது பெண்களுக்கு இருக்கும் உறவும் சிறியதல்ல. தண்ணீர் அள்ளவும், உடுப்புத் தோய்க்கவும், மாட்டைத் தண்ணீருக்குச் சாய்க்கவும், வலையில் மீன் கழற்றவும் நாம் குளத்துக்குப் போகிறோம். ஆனால் வெறுங்கையோடு போய், குளக்கட்டில் இருந்து தண்ணீரைப் பார்த்துவிட்டு வந்த பெண்ணை உங்களில் எத்தனை பேர் கண்டிருக்கிறீர்கள்?

பின்னேரங்களில் ஆண்கள் குளக்கட்டில் இருப்பார்கள். "காத்து வாங்குகினம்" என்று சொல்லிவிட்டு நாம் கடந்து போவோம். அதே இடத்தில் ஒரு பெண் தனியே இருந்தால் ஊர் காரணம் கேட்கும். கணவனை இழந்த பெண்ணாக இருந்தால் கேள்வி இரண்டு மடங்காகும். யாருக்காகக் காத்திருக்கிறாள், வீட்டில் என்ன பிரச்சினை, கடன்காரருக்குப் பயந்து வந்தாளோ என்றெல்லாம் பேச்சு வரும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில் ஓய்வுநேரமும் சமூகத்தில் சமமாகப் பங்கிடப்படுவதில்லை என்று படித்திருக்கிறேன். அதை வன்னியின் குளக்கட்டுகளில் கண்ணால் காணலாம்.

இந்தக் கட்டுரை பறவைகளைப் பற்றியது. அதிலும் நீருக்குள் முங்கி எழும் பறவைகளைப் பற்றியது. அவற்றைப் பார்ப்பதற்கு ஒரு பெண் குளக்கட்டில் சும்மா இருக்க வேண்டும் என்பதால், நமது இருப்பைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

எனது வேலை மாங்குளத்தை மையமாகக் கொண்டது. கண்டி வீதியிலிருந்து கிழக்கே ஒட்டுசுட்டான், முல்லைத்தீவுக்கும், மேற்கே துணுக்காய், மல்லாவிக்கும் வீதிகள் பிரியும் சந்தி அது. 1990 நவம்பரில் இங்கிருந்த இராணுவ முகாம் வீழ்ந்தது முதல் 2008 நவம்பர் வரை இந்தச் சந்தி பல தடவை கைமாறியது. ஒவ்வொரு தடவையும் மக்கள் மூட்டை முடிச்சோடு ஓடினார்கள். ஓடியபோதும் குளங்களைத் தேடித்தான் ஓடினார்கள். தறப்பாள் கட்ட நிழலும் குடிக்கத் தண்ணீரும் அங்கேதான் இருந்தன.

மாங்குளத்துக்கு அருகால் ஓடும் கனகராயன் ஆறு வடக்கே போய் இரணைமடுவை நிரப்பி, பிறகு சுண்டிக்குளம் கடல்நீரேரியில் சேர்கிறது. சுண்டிக்குளம் 1938ஆம் ஆண்டிலேயே பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம். 2015இல் அது தேசியப் பூங்காவாகத் தரம் உயர்த்தப்பட்டது. மேற்குப் பக்கம் பாலியாற்றை மறித்துக் கட்டிய வவுனிக்குளம் இருக்கிறது. எல்லாளன் காலத்துக் குளம் என்று ஊரில் சொல்லுவார்கள். தூர்ந்து கிடந்த அந்தக் குளம் 1950களில் திருத்தப்பட்டு, அதன்கீழ் மக்கள் குடியேற்றப்பட்டார்கள். இந்தப் பெரிய குளங்களுக்கு நடுவே பெயர் தெரிந்ததும் தெரியாததுமாகப் பல சிறு குளங்கள் உள்ளன. வீடுவீடாகப் போகும் வேலையில் இந்தக் குளக்கட்டுகளால் ஸ்கூட்டியில் போய்வருவது எனக்கு வழக்கமாயிற்று.

அப்படிப் போகும்போது கண்டதுதான் முக்குளிப்பான். தாராக்குஞ்சு போல ஒரு சின்னப் பறவை. இரண்டு கையையும் குவித்தால் அதற்குள் அடங்கிவிடும். வாலே இல்லாதது போல் பின்பக்கம் மொட்டையாக இருக்கும். தாமரை இலைகளுக்கு அருகே மிதந்துகொண்டிருக்கும். நாம் கண்ணை இமைப்பதற்குள் காணாமல் போய்விடும். தண்ணீரில் ஒரு வளையம் மட்டும் விரியும். பத்து, பதினைந்து, சில வேளை இருபது வரை எண்ண வேண்டும். பிறகு நாம் எதிர்பாராத ஓர் இடத்தில் தலை தெரியும். நாம் நிற்பது தெரிந்தால் உடம்பை மேலே காட்டாமல் இலைகளுக்கிடையில் அலகை மட்டும் நீட்டி மூச்செடுத்துவிட்டு மறுபடியும் முங்கிவிடும்.

பார்ப்பவர்கள் எல்லோரும் இதைத் தாரா என்றுதான் சொல்லுவார்கள். ஆனால் இது தாரா இனம் அல்ல. தாராவின் காலில் விரல்களை இணைக்கும் சவ்வு இருக்கும். முக்குளிப்பானின் ஒவ்வொரு விரலும் தனித்தனியாக இலை போல் அகன்றிருக்கும். கால்கள் உடம்பின் கடைசியில், படகுக்குப் பின்னால் மோட்டார் பூட்டியது போல் அமைந்திருக்கும். அதனால் நீருக்குள் அதைப் பிடிப்பது கடினம். தரையிலோ அது சரியாக நடக்கமாட்டாது. இறகுகளை உடம்போடு இறுக்கி, அவற்றுக்கிடையில் உள்ள காற்றை வெளியேற்றிச் சத்தமில்லாமல் தாழவும் அதற்குத் தெரியும். மரபணுக்களை ஆராய்ந்தவர்கள் இதன் நெருங்கிய உறவு பூநாரை என்று கண்டிருக்கிறார்கள். மன்னார் வங்காலையிலும் சுண்டிக்குளத்திலும் நீண்ட காலோடு நிற்கும் அந்தப் பூநாரையும் எங்கள் குளத்துக் குள்ளப் பறவையும் ஒரு வழி வந்த சொந்தங்கள்.

அதன் கூடு தண்ணீரில் மிதக்கும். அழுகிய பாசியையும் நீர்ப்பூண்டையும் குவித்து, அடித்துக்கொண்டு போகாதபடி ஏதாவது ஒரு தண்டில் பிணைத்து வைத்திருக்கும். ஆணும் பெண்ணும் மாறிமாறி அடைகாக்கும். கூட்டை விட்டு இறங்க வேண்டி வந்தால் அவசரத்திலும் இரண்டு மூன்று அலகு பாசியை இழுத்து முட்டைகளை மூடிவிட்டுத்தான் இறங்கும். மேலே பறக்கும் பருந்துக்கு அது வெறும் குப்பைக் குவியலாகத் தெரியும். வெள்ளையாக இட்ட முட்டைகள் அந்தப் பாசியின் சாயம் ஏறிப் பழுப்பாகிவிடும். குஞ்சுகள் வெளிவந்ததும் தாயின் அல்லது தந்தையின் முதுகில் ஏறி, இறகுக்குள் ஒளிந்து, தலையை மட்டும் நீட்டிக்கொண்டு குளத்தைச் சுற்றிப் பார்க்கும்.

முங்கும் பறவைகளில் இன்னும் பலதை எங்கள் குளங்களில் காணலாம். நீர்க்காகத்தை எல்லோருக்கும் தெரியும். இலங்கையில் அதில் மூன்று வகை உண்டு. கூட்டமாகச் சேர்ந்து மீனை ஒரு பக்கமாக ஒதுக்கிப் பிடிப்பதில் அவை கெட்டித்தனமானவை. பாம்புத்தாரா தனியாக வேட்டையாடும். உடம்பு முழுவதும் நீருக்குள் இருக்க, கழுத்து மட்டும் பாம்பு போல் வெளியே தெரியும். கூரான அலகால் மீனைக் குத்திப் பிடிக்கும். நீர்க்காகமும் பாம்புத்தாராவும் பட்டமரத்தில் இறக்கையை விரித்து வைத்துக்கொண்டு நிற்பதைக் கண்டிருப்பீர்கள். அவற்றின் இறகில் தண்ணீர் ஊறிவிடும். ஊறுவதால் ஆழமாக முங்குவது சுலபம். ஆனால் பிறகு வெயிலில் காயப்போட வேண்டும். உடுப்புத் தோய்க்கும் எங்களுக்கு அது விளங்காத காரியமல்ல.

உண்மையான தாராக்களில் எங்கள் குளங்களில் அதிகம் காண்பது பழுப்பு நிறக் காட்டுத்தாரா. நூல்களில் அதைச் சீழ்க்கைச் சிறகி என்று எழுதுவார்கள். பறக்கும்போது விசிலடிப்பது போல் கத்தும். பகலில் குளத்தில் கூட்டமாக ஓய்ந்திருந்து, இருளத் தொடங்கியதும் வயல்பக்கம் மேயப் போகும். மரப்பொந்திலும் கூடு வைக்கும் தாரா இது. தேவை வந்தால் நன்றாக முங்கும். தாமரைக் குளங்களில் வெள்ளை நிறத்தில் குள்ளத்தாராவையும் காணலாம். ஐப்பசி தொடக்கம் பங்குனி வரை வடக்கே ஆசியாவின் குளிர்ப் பகுதிகளிலிருந்து நீலச்சிறகி போன்ற விருந்தாளிகளும் வருவார்கள். அவை முங்குவதில்லை. தலையை மட்டும் நீருக்குள் விட்டு மேயும்.

சென்ற ஆண்டு தை மாதத்தில், நான் பணிபுரியும் மகளிர் குழு ஒன்றிலிருந்து ஏழு பேரை ஒரு பின்னேரம் குளக்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இங்கே எழுதுவதற்கு அவர்கள் சம்மதம் தந்திருக்கிறார்கள். பெயர்களைச் சொல்லவில்லை. ஒரு பிளாஸ்க் நிறையப் பிளேன்ரீ, கொஞ்சம் பனங்கட்டி, விரித்து இருக்க இரண்டு பாய். குழுவில் மூத்தவரான அம்மாவுக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. குளக்கட்டில் ஏறியதும் அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"பிள்ளை, உந்தப் பறவையளைப் பாத்து எங்களுக்கு என்ன வரப்போகுது?"

"ஒண்டும் வராது அம்மா. சும்மா இருப்பம் எண்டுதான் கூட்டிக்கொண்டு வந்தனான்."

"சும்மா இருக்கிறதுக்கும் ஒரு கூட்டமோ?" என்று அவர் சிரித்தார். பயிற்சி, பதிவு, கையெழுத்து, புகைப்படம் என்று எத்தனையோ கூட்டங்களுக்குப் போய்வந்தவர்கள் அவர்கள். கோழி வளர்ப்புக்கு ஒன்று, தையலுக்கு ஒன்று, கடன் பற்றிய விழிப்புணர்வுக்கு ஒன்று. ஒன்றும் எழுதாமல், ஒன்றும் வாங்காமல் போகும் கூட்டம் அவர்களுக்குப் புதிது.

கொஞ்ச நேரத்தில் ஒரு முக்குளிப்பான் முங்கியது. எல்லோரும் வாய்விட்டு எண்ணத் தொடங்கினார்கள். எங்கே எழும்பும் என்று பந்தயம் வந்தது. தாமரைப் பக்கம் என்றார் ஒருவர். துருசுப் பக்கம் என்றார் இன்னொருவர். இரண்டு பக்கமும் இல்லாமல் நடுக்குளத்தில் தலை தெரிந்தபோது எழுந்த சிரிப்பில் மேய்ந்துகொண்டிருந்த மாடே நிமிர்ந்து பார்த்தது.

நான் மறுபடியும் மறுபடியும் அதைத் தவறவிடுவதை அம்மா கவனித்திருக்க வேண்டும். அவருடைய காலஞ்சென்ற கணவர் குளத்தில் மீன் பிடித்தவர்.

"முங்கின இடத்தையே பாத்துக்கொண்டிருந்தா ஒருநாளும் காணமாட்டியள் பிள்ளை. கண்ணை அகட்டிக் குளம் முழுக்கப் பாருங்கோ. அசைவு தானாத் தெரியும்."

அன்றிலிருந்து நான் அப்படித்தான் பார்க்கிறேன். நல்ல ஆசிரியர் ஒருவர் சொல்லித்தரும் பாடம் போல் அது கைகொடுத்தது.

குழுவில் ஒரு தங்கை இருக்கிறாள். 2009இல் சிறுமியாக இருந்தபோது ஒரு காலை இழந்தவள். பொய்க்காலோடு மாங்குளத்தில் ஒரு கடையில் வேலை செய்கிறாள். முக்குளிப்பானுக்குத் தரையில் நடக்கத் தெரியாது என்று நான் சொன்னதும் அவள் கேட்டாள்.

"அப்ப அது கூட்டுக்கு எப்பிடி ஏறும் மிஸ்?"

கூடு தண்ணீர் மட்டத்தில் மிதப்பதால் ஒரு உந்தலில் ஏறிவிடும் என்று விளங்கப்படுத்தினேன். "படி இல்லாத வீடு. நல்ல வசதி" என்றாள். பறவையைப் பற்றிய எந்த நூலிலும் அந்தக் கேள்வியை நான் கண்டதில்லை. அது ஒவ்வொரு நாளும் படிகளை எண்ணி ஏறும் ஒருவரிடமிருந்து வர வேண்டிய கேள்வி.

வலை முடிந்து விற்று மூன்று பிள்ளைகளை வளர்க்கும் அக்கா ஒருவர் அதுவரை பேசாமல் இருந்தார். மறுபடியும் எல்லோரும் எண்ணத் தொடங்கியபோது அவர் மெதுவாகச் சொன்னார்.

"இது வெளியில வரும் எண்டு எங்களுக்குத் தெரியும். அதாலதான் சிரிச்சுச் சிரிச்சு எண்ணுறம்."

எண்ணுவது நின்றுவிட்டது. மூத்த அம்மா தன் மகனைக் கடைசியாகக் கண்டது 2009 மே மாதம், வட்டுவாகலில். அதன் பிறகு அவர் ஏறாத அலுவலகம் இல்லை. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராட்டத்தைத் தொடங்கியபோது அந்தக் கொட்டகையிலும் போய் இருந்தவர். 2018இல் காணாமற்போனோர் அலுவலகம் இயங்கத் தொடங்கியபோது அங்கும் விபரம் கொடுத்தவர். அவர் தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொன்னார்.

"நானும் எண்ணிக்கொண்டுதான் பிள்ளை இருக்கிறன். 2009இல இருந்து."

யாரும் ஒன்றும் பேசவில்லை. வலை முடியும் அக்கா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். நான் பிளேன்ரீயை ஊற்றிக் கொடுத்தேன். கொஞ்சத் தூரத்தில் அந்தப் பறவை எழும்பி, தலையை உதறிவிட்டுத் தன்பாட்டில் மேய்ந்தது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தப் பறவையை ஓர் உவமையாக்கி, 'முங்கியது எழும்பும், நம்பிக்கையோடு இருங்கள்' என்று எழுத எனக்கு மனமில்லை. பறவை எழும்புவது அதன் இயல்பு. எமது பிள்ளைகள் எங்கே என்பதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் மனிதர்கள். அந்தப் பொறுப்பைக் குளத்தில் கரைத்துவிட முடியாது. மரணம் நடந்த வீட்டில் சடங்கு உண்டு, எட்டு உண்டு, அந்தியேட்டி உண்டு, ஆண்டுத் திவசம் உண்டு. காணாமல் போனவரின் வீட்டில் எதுவும் இல்லை. அங்கே துக்கத்துக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. உளசமூகப் பணி செய்யும் எவருக்கும் இது தெரியும்.

ஆனால் அடுத்த மாதம் பேருந்துத் தரிப்பிடத்துக்கு முதல் ஆளாக வந்து நின்றவர் அந்த அம்மாதான். "அங்க இருக்கிற நேரம் மூச்சு நேரா வருது" என்றார். நான் இதற்கு மேல் எதையும் நிரூபிக்க விரும்பவில்லை.

குழுவில் இன்னொருவர், கைக்குழந்தையோடு நந்திக்கடலின் தண்ணீரைக் கடந்து வந்தவர். முதல் நாள் அவர் குளக்கட்டுக்கு வரவில்லை. கீழே மருதமர நிழலில் இருந்துவிட்டார். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. இரண்டாம் தடவை கட்டில் ஏறினார். மூன்றாம் தடவை அலைகரை வரை இறங்கி வந்து, முதுகில் குஞ்சோடு போன ஒரு முக்குளிப்பானை எங்களுக்கு முதலில் காட்டியவர் அவர். அன்று யாரோ வயலில் யானை வெடி கொளுத்தினார்கள். குளத்தில் இருந்த காட்டுத்தாராக்கள் எல்லாம் ஒன்றாக எழும்பின. நாங்கள் எட்டுப் பேரும் ஒன்றாகக் குனிந்தோம். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தோம். தாராக்கள் மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு அதே இடத்தில் வந்து இறங்கின. நாங்களும் நிமிர்ந்து இருந்தோம்.

பறவை பார்ப்பது வயிறு நிறைந்தவர்களின் பொழுதுபோக்கு என்று சிலர் நினைக்கலாம். வலை முடியும் அக்காவுக்கு அது தொழிலோடு சேர்ந்த விடயம். குளத்தில் யப்பான் மீனுக்கும் விராலுக்கும் போடும் வலையில் முங்கும் பறவைகள் சிக்கி மூச்சடைத்துச் செத்துப்போகின்றன. செத்த பறவையைக் கழற்றும்போது வலையும் அறுகிறது. நட்டம் இரண்டு பக்கமும்தான். நாங்கள் கூடிப் பேசியதில் சில யோசனைகள் வந்தன. நீர்ப்பூண்டும் தாமரையும் அடர்ந்த ஓரங்களில் வலையைப் போடாமல் விடலாம். விடிந்ததும் தாமதிக்காமல் வலையைப் பார்க்கலாம். பழுதான வலையைக் குளத்தில் விட்டுவிடாமல் கரைக்குக் கொண்டுவரலாம். கைவிட்ட வலை ஆளில்லாமலே ஆண்டுக்கணக்கில் கொல்லும்.

உயிரோடு சிக்கிய பறவையைக் கண்டால் ஒரு துணியால் அதன் தலையை மூடுங்கள். இருட்டில் அது அமைதியாகும். நீர்க்காகமும் பாம்புத்தாராவும் கண்ணைக் குறிவைத்துக் கொத்தும். அதனால் அலகை உங்கள் முகத்துக்கு எட்டப் பிடியுங்கள். நூலை இழுக்காமல் வெட்டுங்கள். முக்குளிப்பானை ஒருபோதும் தரையில் விடாதீர்கள். அதற்குத் தண்ணீரில் ஓடித்தான் பறக்க முடியும். தண்ணீர் விளிம்பில் விட்டால் தானே போய்விடும். இலங்கையின் வனசீவராசிகள் சட்டப்படி பெரும்பாலான பறவைகள் பாதுகாக்கப்பட்டவை. அவற்றைக் கொல்வதும் முட்டை எடுப்பதும் குற்றம் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

எனது சித்தியின் மகள் கனடாவில் ஸ்காபரோவில் இருக்கிறாள். தொழிற்சாலையில் இரவு வேலை. எங்கள் குளத்துக் கதையை நான் தொலைபேசியில் சொன்னபோது, அங்கே ஒன்ராறியோ ஏரியில் மாரி காலத்தில் தாரா பார்க்கப் போவதாக அவள் சொன்னாள். வட துருவத்தை அண்டிய நிலங்களில் குஞ்சு பொரித்து, அங்கே எல்லாம் உறைந்ததும் தெற்கே இறங்கி வரும் நீண்டவால் தாராக்கள் அவை. தாரா இனத்தில் மிக ஆழமாக முங்கக் கூடியவற்றில் ஒன்று. 60 மீற்றர் ஆழம் வரை போவதாகப் பதிவு உண்டு. எங்கள் தென்னைமரங்கள் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள், அந்த ஆழம் விளங்கும். கரை உறைந்தாலும் அந்தப் பெரிய ஏரி முழுவதுமாக உறைவது அபூர்வம். திறந்த தண்ணீர் உள்ள இடத்தில் அவை கூட்டமாக முங்கிச் சிப்பியும் சிறு உயிர்களும் தின்னும். "வேலை முடிஞ்சு வரேக்க பத்து நிமிசம் நிப்பன் அக்கா. விரல் விறைச்சுப்போகும். ஆனா அந்தப் பத்து நிமிசமும் எனக்குச் சொந்தம்" என்றாள்.

மாங்குளத்தில் மாடு பார்க்கும் பெண்ணுக்கும் ஸ்காபரோவில் பெட்டி அடுக்கும் பெண்ணுக்கும் இந்த ஒரு விடயம் பொதுவாக இருக்கிறது. நாள் முழுவதும் அவர்களுடைய நேரம் இன்னொருவருக்குச் சொந்தம். பிள்ளைக்கு, முதலாளிக்கு, கடனுக்கு, வழக்குக்கு. போரில் எல்லாவற்றையும் இழந்த பெண்ணுக்கு வீடு வேண்டும், காணி வேண்டும், தொழில் வேண்டும், நீதி வேண்டும் என்று நாம் கேட்கிறோம். கேட்கத்தான் வேண்டும். அந்தப் பட்டியலில் ஓய்வையும் சேர்த்துக் கேட்பதில் என்ன குறை? ஒரு பெண் தலைமை தாங்கும் குடும்பத்தில் அந்தப் பெண் விழுந்தால் குடும்பமே விழும். அவள் ஒரு மணித்தியாலம் இருந்து மூச்சு விடுவது சோம்பல் அல்ல.

வர விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மாரி மழை ஓய்ந்து குளம் நிறைந்திருக்கும் தை, மாசி மாதங்கள் மிக நல்லவை. வெயில் ஏறும் முன்னர் காலையிலோ, நாலரை மணிக்குப் பின்னரோ போங்கள். தனியே போகாதீர்கள். இரண்டு மூன்று பேராகப் போனால் ஊரின் வாய்க்குப் பயமில்லை. மனம் மிகவும் சோர்ந்திருக்கும் நாட்களில் கட்டாயம் நம்பிக்கையான ஒருவரோடு போங்கள். அதைப் பற்றி அவரோடு வாய்திறந்து பேசவும் செய்யுங்கள். தொலைநோக்கி தேவையில்லை. பளிச்சென்ற நிறச் சேலையையும் உரத்த பேச்சையும் தவிர்த்தால் போதும். கூடு தெரிந்தால் கிட்டப் போகாதீர்கள். தாய்ப்பறவை இறங்கிவிட்டால் முட்டை வெயிலில் காயும்.

பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். எத்தனை பறவைகள், எந்த நாள், எந்தக் குளம் என்று ஒரு கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். 1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரி மாதத்தில் ஆசிய நாடுகள் பலவற்றில் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுத்து வருகிறார்கள். எங்கள் குளங்களில் அந்த வேலையைச் செய்யக்கூடிய கண்கள் எங்கள் வீடுகளிலேயே இருக்கின்றன. வடக்கில் பல ஆண்டுகள் யாரும் போய் எண்ண முடியாத நிலை இருந்தது. இனி எண்ணலாம்.

யாராவது வழியில் மறித்து "எங்க போறியள்?" என்று கேட்டால், "குளத்தடிக்கு, தாரா பாக்க" என்று சொல்லுங்கள். வேறு காரணம் தேவையில்லை.